மயில்துத்தத்தில் 5 நீர் வரவேண்டும், எனக்கு 3.74 வருகிறது. எங்கே தப்பு?

நீலக்கல்:

வணக்கம். வேதியியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் ஆய்வகத்தில் மயில்துத்தத்தின், அதாவது நீல நிறக் காப்பர் சல்பேட் உப்பின், படிகநீரைக் கண்டுபிடிக்கும் சோதனை. செய்முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூசையை (சூடு தாங்கும் சின்னக் கிண்ணம்) எடைபோடு, உப்பைப் போட்டு எடைபோடு, சூடாக்கு, ஆறவிடு, மறுபடி எடைபோடு. குறைந்தது நீர், மிஞ்சியது நீரற்ற காப்பர் சல்பேட்.

என் எண்கள்: காலி மூசை 24.318 கிராம். உப்போடு 27.068. சூடாக்கி ஆறிய பிறகு 26.251. அதாவது 2.750 கிராம் உப்பில் 0.817 கிராம் போயிருக்கிறது. 29.7 சதவீதம். வந்திருக்க வேண்டியது 36.1. மிஞ்சிய 1.933 கிராமை நீரற்ற உப்பின் மோலார் நிறை 159.6 ஆல் வகுத்து, போன நீரை நீரின் மோலார் நிறை 18.015 ஆல் வகுத்து, இரண்டுக்கும் விகிதம் எடுத்தால் 3.74. ஒரு மூலக்கூறு உப்புக்கு மூணே முக்கால் நீரா? சரி, கை தவறியிருக்கும் என்று இன்னொரு தடவை செய்தேன். 3.69 வந்தது.

பக்கத்து மேசை நண்பனுக்கு 41 சதவீதம் போய்விட்டது. அவன் மூசையின் அடியில் கருப்பாகப் படிந்திருந்தது, தொண்டையைக் கமறும் நெடி வேறு. எங்கள் இருவர் நோட்டையும் பார்த்த ஆசிரியர், "சோதனைப் பிழை, 36 என்று எழுதி முடியுங்கள்" என்றார். எழுதிவிட்டேன். மனசு கேட்கவில்லை. தற்செயலான பிழை என்றால் இரண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே எண் ஏன் வரவேண்டும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் என்கிறார்கள். ஆனால் பொடியைத் தொட்டால் காகிதத்தில்கூட ஈரம் ஒட்டுவதில்லை. அந்த நீர் உள்ளே எந்த ரூபத்தில் இருக்கிறது? அப்புறம், ஏன் சரியாக 5? ஏன் 4 இல்லை, 6 இல்லை?

---

அரைமோல்:

இது எல்லோருக்கும் வருவதுதான். சூடு பத்தவில்லை, அவ்வளவே. படிகநீர் என்றால் படிகத்துக்குப் படிக வடிவம் கொடுக்கும் நீர். அது போனால் வடிவம் உடைந்து பொடியாகும். நீர் இல்லாமல் படிகம் இல்லை என்று பள்ளியிலேயே படித்திருப்பீர்களே.

---

மூசைக்காரன்:

அரைமோல் சொன்னதில் முதல் பாதி சரி, பின்பாதியை அழித்துவிடலாம். சோடியம் குளோரைடு அழகான கனசதுரப் படிகம், அதில் படிகநீர் ஒரு மூலக்கூறுகூட இல்லை. பொட்டாசியம் நைட்ரேட் நீள நீளமான ஊசியாக வளரும், அதிலும் இல்லை. சோடியம் குளோரைடைச் சூடாக்கினால் படபடவென்று வெடிக்குமே, அதைப் படிகநீர் என்று நினைப்பவர்கள் உண்டு. படிகம் வளரும்போது இடுக்கில் மாட்டிக்கொண்ட உப்புக்கரைசல் துளி ஆவியாகி உடைத்துக்கொண்டு வரும் சத்தம் அது. அதற்குக் கணக்கும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது. ஒவ்வொரு படிகத்திலும் ஒவ்வொரு அளவு இருக்கும். படிகநீருக்குக் கணக்கு உண்டு. உள்ளே அதற்கென்று போட்டுவைத்த இடம் உண்டு.

இப்போது தம்பி நீலக்கல்லுக்கு. ஆய்வகத்தில் மூசை கழுவியும் கழுவவைத்தும் முப்பது வருடம் ஓட்டியவன் நான். இந்த 3.7 எனக்குப் பழைய சிநேகிதன். எத்தனை நோட்டுகளில் பார்த்திருக்கிறேன் என்று கணக்கில்லை. பெரும்பாலும் அதன்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 5 என்று எழுதியிருக்கும்.

உன் எடைகளில் தப்பில்லை, வகுத்ததிலும் தப்பில்லை. மிஞ்சியது நீரற்ற உப்பு என்று எடுத்துக்கொண்டாய் பார், அங்கேதான் வழுக்கியது. மிஞ்சிய பொடியில் இன்னும் நீர் இருந்தால் 159.6 ஆல் வகுப்பது செல்லாது. நிச்சயமாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்கு. நீ எடுத்தது முழு நீரோடு இருந்த உப்பு. அதன் மோலார் நிறை 249.7. 2.750 ஐ அதனால் வகுத்தால் 0.01101 மோல். போன நீர் 0.817 ஐ 18.015 ஆல் வகுத்தால் 0.04535 மோல். இப்போது விகிதம் எடு. 4.12.

ஐந்தில் நான்கு போய்விட்டது, ஐந்தாவது கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்திருக்கிறது. இரண்டாம் தடவை 3.69 என்றாயே, அதை இதே மாதிரி போட்டுப் பார், 4.07 வாக்கில் வரும். அதனால்தான் இரண்டும் ஒத்துப்போகின்றன. இரண்டு தடவையும் நீ ஒரே படியில் ஏறி நின்று, மாடி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாய்.

படி என்று சொன்னது சும்மா இல்லை. மயில்துத்தம் தன் நீரை ஒரே மூச்சில் விடுவதில்லை. மெதுவாகச் சூடேற்றினால் சுமார் 63 டிகிரியில் இரண்டு, 109 ஐ ஒட்டி இன்னும் இரண்டு, கடைசி ஒன்று 200 டிகிரி வரும்வரை பிடிவாதமாக இருக்கும். நான்கு போன நிலையில் எடையிழப்பு 28.9 சதவீதம். உனக்கு 29.7. கண்ணையும் நம்பாதே. நீலம் பெரும்பாலும் இந்த நான்கோடு போய்விடும். ஒரு நீர் மட்டும் மிஞ்சிய உப்பு கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும், லேசான நீலப்பச்சைச் சாயல் மட்டும் இருக்கும். "வெள்ளையாகும் வரை சூடாக்கவும்" என்று செய்முறைத்தாளில் எழுதியவர் உன்னை அந்தப் படியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

உன் நண்பன் நேர் எதிர். 36.1 க்கு மேல் போகவேண்டுமானால் நீரைத் தவிர வேறொன்று போயிருக்க வேண்டும். கருப்புப் படிவு காப்பர் ஆக்சைடு, கமறிய நெடி சல்பேட் உடைந்து வந்த சல்பர் ஆக்சைடுகள். 600 டிகிரியைத் தாண்டும்போது அது நடக்கும். பர்னரின் நீலக்கூம்பு நுனியை மூசையின் அடியில் நேராக வைத்தால் அந்த ஓரிடம் சிவந்து அங்கே எளிதாக வந்துவிடும். கூடுதலாகப் போன 5 சதவீதமும் இப்படித்தான் போனது என்றால், அவன் உப்பில் ஆறில் ஒரு பங்கு ஆக்சைடாகிவிட்டது என்று கணக்கு. கொஞ்சம் தெறித்தும் போயிருக்கலாம். பெரிய படிகங்களைப் பொடிக்காமல் போட்டானா என்று கேள். அது சரி, அந்தப் புகையை அவன் மூக்கைக் கொடுத்துப் பிடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. புகைக்கூண்டுக்குள் வைத்துச் செய்யவேண்டிய வேலை.

"உள்ளே எந்த ரூபத்தில்" என்ற கேள்விக்கு வருகிறேன். ஈரம் ஒட்டாததற்குக் காரணம், அங்கே நீர் திரவமாக இல்லை. தனித்தனி மூலக்கூறாக, சுவரில் செங்கல் மாதிரி, குறித்த இடத்தில் கட்டப்பட்டிருக்கிறது. மயில்துத்தத்தில் ஒவ்வொரு காப்பர் அயனியையும் சுற்றி ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நீர், ஆக்சிஜன் பக்கம் காப்பரைப் பார்த்தபடி. மேலும் கீழும் கொஞ்சம் தள்ளி இரண்டு சல்பேட் ஆக்சிஜன். ஐந்தாவது நீர் காப்பரைத் தொடவே தொடாது. சல்பேட்டுக்கும் பக்கத்து நீர்களுக்கும் நடுவில் ஹைட்ரஜன் பிணைப்பில் தொங்கிக்கொண்டிருக்கும். பீவர்ஸ், லிப்சன் என்ற இருவர் 1934 இல் எக்ஸ் கதிர் வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஐந்தாவது எல்லாப் பக்கமும் கட்டுண்டு கிடப்பதால்தான் கடைசியில் போகிறது.

அந்த நான்கு நீர்தான் நீல நிறத்தைத் தருகிறது. நீரை எடுத்தால் காப்பர் அதேதான், ஆனால் சுற்றி நிற்பவை சல்பேட் ஆக்சிஜன்கள் ஆகிவிடுகின்றன. அவற்றின் பிடி பலவீனமானது. காப்பர் விழுங்கும் ஒளி அகச்சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும், நம் கண்ணுக்கு வெள்ளை.

---

துலாக்கோல்:

மூசைக்காரன் ஐயா எழுதியதில் கடைசிக்கு முந்தின பத்தியின் முடிவில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். ஐந்தாவது நீர் ஹைட்ரஜன் பிணைப்பில் இருப்பதால் கடைசியில் போகிறது என்பது பாடப்புத்தகங்களில் வழிவழியாக வருகிறது. படிக அமைப்பைப் பார்த்தால் அது நிற்காது.

முதல் இரண்டு நீர் போனதுமே கட்டடம் இடிந்து வேறு கட்டடம் எழுகிறது. மூன்று நீர் உள்ள உப்பின் அமைப்பும் தெரிந்ததுதான். அதில் மூன்று நீரும் காப்பரோடு நேராகப் பிணைந்திருக்கின்றன, சதுரத்தின் நான்காம் மூலைக்குச் சல்பேட் ஆக்சிஜன் வந்துவிட்டது. ஹைட்ரஜன் பிணைப்பில் மட்டும் தொங்கிய அந்த நீர் அந்த நிலையிலேயே இல்லை. ஒரு நீர் உள்ள உப்பில் அந்த ஒன்று இரண்டு காப்பர் அயனிகளுக்கு இடையே பாலமாக நிற்கிறது. இரண்டு பக்கமும் பிடி. 200 டிகிரி வரை விடாததற்குக் காரணம் அந்தப் பாலம். முதலில் தொங்கிக்கொண்டிருந்த நீர்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தது என்று அடையாளம் சொல்ல முடியாது. படிக்கட்டில் ஒவ்வொரு படியும் வேறு வீடு.

என் வேலை வெப்ப எடைப் பகுப்பாய்வு. சின்னக் கிண்ணத்தில் சில மில்லிகிராம் வைத்து, நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏற்றிக்கொண்டே எடையை வரைவோம். மயில்துத்தத்தின் கோடு எனக்கு மனப்பாடம். ஒரு சரிவு, குட்டி மேடை, இன்னொரு சரிவு, நீண்ட சமதளம், மறுபடி ஒரு சரிவு. அந்த நீண்ட சமதளம்தான் நீலக்கல் நின்ற இடம். பர்னரில் செய்பவர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள் என்பது கோட்டைப் பார்த்தாலே புரியும். அதன்மேல் நூறு டிகிரி நடந்தாலும் எடை அசையாது.

வெப்பநிலையை மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். சுற்றியுள்ள காற்றின் ஈரமும் இதில் ஒரு கட்சி. 50 டிகிரியில் மூடிய பாத்திரத்துக்குள் மயில்துத்தத்தை வைத்தால், ஐந்துக்கும் மூன்றுக்கும் இடையில் இருக்கும்வரை நீராவியின் அழுத்தம் சுமார் 47 மில்லிமீட்டர் பாதரசத்தில் நிற்கும். நீரை எடுக்க எடுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்றுதானே தோன்றும்? இறங்காது. ஐந்து நீர் உள்ள படிகத்தின் கடைசித் துணுக்கு தீரும்வரை 47 தான். தீர்ந்ததும் தடாலென்று 30. மூன்று நீர் உள்ளதும் தீர்ந்தால் சுமார் 4.5. வெளிக்காற்றின் நீராவி இதைவிடக் குறைவாக இருந்தால் உப்பு நீரை விடும், அதிகமாக இருந்தால் வாங்கும். எனவே புத்தகத்துக்குப் புத்தகம் 63, 109, 200 என்ற எண்கள் சற்று மாறியிருந்தால் யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் காற்று, அவரவர் வேகம்.

ஏன் 5 என்று கேட்டிருக்கிறார். இதற்கு அழகான ஒப்பீடு உண்டு. இரும்பு, மக்னீசியம், துத்தநாகம், கோபால்ட், நிக்கல் இவற்றின் சல்பேட்டுகள் எல்லாம் ஏழு நீரோடு படிகமாகும். எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு: உலோகத்தைச் சுற்றி ஆறு, சல்பேட் பக்கம் ஒன்று. காப்பர் மட்டும் அந்த வரிசையில் நிற்காது. காப்பர் அயனியின் d துணைக்கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்கள். அந்த நிலையில் ஆறு பேரையும் சம தூரத்தில் வைத்திருப்பது அதற்குக் கட்டுப்படி ஆகாது. நான்கைக் கிட்டே இழுத்து இரண்டைத் தள்ளிவைக்கும். இதன் பின்னாலுள்ள தத்துவத்தை ஜானும் டெல்லரும் 1937 இல் எழுதினார்கள். கிட்டே உள்ள நான்கும் இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், தள்ளிவைத்த இரண்டும் சுமார் 2.4 இல். அந்தத் தள்ளிய இடங்களைச் சல்பேட்டே எடுத்துக்கொண்டது. ஆறுக்குப் பதில் நான்கு, சல்பேட் பக்கம் அதே ஒன்று. மொத்தம் ஐந்து.

---

மூசைக்காரன்:

சரி, திருத்திக்கொள்கிறேன். முப்பது வருடமாக அந்த ஐந்தாவது நீரைப் பற்றி ஒரே கதையைச் சொல்லி வந்திருக்கிறேன். கேட்ட பிள்ளைகளும் இப்போது எங்கெங்கோ அதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். நன்றி துலாக்கோல்.

உங்கள் பதிலைப் படித்ததும் இன்னொன்று ஞாபகம் வந்தது. வாய்பாட்டில் உப்புக்கும் நீருக்கும் நடுவே போடுகிறோமே ஒரு புள்ளி, அதைப் போல எதையும் சொல்லாத குறி வேதியியலில் இல்லை. இவ்வளவு உப்புக்கு இவ்வளவு நீர் என்று சொல்லும். நீர் யாரோடு ஒட்டியிருக்கிறது என்று வாயே திறக்காது. குரோமியம் குளோரைடை எடுத்துக்கொள். ஆறு நீர் என்று போட்டு மூன்று விதமான உப்பு உண்டு. மூன்றுக்கும் புள்ளி வைத்த வாய்பாடு ஒன்றே. ஆறு நீரும் குரோமியத்தைச் சுற்றி நின்றால் ஊதா. ஒரு நீர் வெளியே வந்து அந்த இடத்தில் ஒரு குளோரைடு உட்கார்ந்தால் இளம்பச்சை. இரண்டு வெளியே வந்தால் கரும்பச்சை. கடையில் வரும் புட்டியில் பெரும்பாலும் கரும்பச்சைதான் இருக்கும். புதிதாகக் கரைத்துச் சில்வர் நைட்ரேட் விட்டால், ஊதாவில் மூன்று குளோரைடும் வீழ்படியும், இளம்பச்சையில் இரண்டு, கரும்பச்சையில் ஒன்றே ஒன்று. உள்ளே உட்கார்ந்த குளோரைடு வெளியே வரச் சுணங்கும். உலோகத்தைச் சுற்றி எவை பிணைந்து நிற்கின்றன என்று சொல்லும் தன் அணைவுக் கொள்கைக்கு வேதியியலாளர் வெர்னர் வைத்த சாட்சிகளில் இந்த மாதிரி உப்புகளும் உண்டு. இந்தச் சோதனையைச் செய்துகாட்டும் நாட்களில் எனக்குச் சாப்பாட்டு நேரம் மறந்துபோகும்.

சூடாக்கினால் போவதெல்லாம் நீர் என்று நினைக்கக்கூடாது என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். மக்னீசியம் குளோரைடு ஆறு நீரோடு இருக்கும். அதைச் சூடாக்கி நீரற்ற உப்பு எடுக்கப் பார்த்தால் ஏமாந்துபோவாய். பாதியில் நீரே குளோரைடைத் தாக்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாகக் கிளம்பும், மூசையில் ஆக்சிகுளோரைடும் ஆக்சைடுமாக ஏதோ கிடக்கும். ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை மேலே ஓடவிட்டபடி சூடாக்கினால்தான் சரிவரும். ஆறு நீர் உள்ள அலுமினியம் குளோரைடும் சூட்டில் இப்படித்தான் ஹைட்ரஜன் குளோரைடை விட்டுவிட்டு ஆக்சைடாகும். பச்சைத் துத்தத்தில் (இரும்பு சல்பேட்) நீர் போனபின்னும் விடாமல் சூடாக்கினால் செம்பழுப்பு இரும்பு ஆக்சைடு மிஞ்சும். அந்தக் காலத்தில் கந்தக அமிலம் காய்ச்சியது அந்த வழியில்தான்.

---

அரைமோல்:

படிகம் பற்றிச் சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். என் பெயர்க் காரணத்தையாவது கேட்டுவைக்கிறேன். பாரிஸ் சாந்தில் அரை நீர் என்கிறார்களே, ஒரு மூலக்கூறை எப்படிப் பாதியாக வெட்டுவது? இதை வகுப்பில் கேட்டுத்தான் இந்தப் பெயர் வந்தது. இன்றுவரை யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை.

---

துலாக்கோல்:

யாரும் வெட்டவில்லை. இரண்டு கால்சியம் சல்பேட்டுக்கு ஒரு நீர். ஒன்றுக்கு எவ்வளவு என்று கேட்பதால் அரை என்று எழுதுகிறோம். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு கிணறு இருந்தால் வீட்டுக்கு அரைக் கிணறு என்று சொல்வதுபோல்.

ஜிப்சத்தில் ஒரு கால்சியம் சல்பேட்டுக்கு இரண்டு நீர், எடையில் 20.9 சதவீதம். 120 முதல் 150 டிகிரி வரை வறுத்தால் அதில் ஒன்றரை போய்ச் சாந்து கிடைக்கும். சாந்தைக் குழைத்துப் பூசினால் காய்ந்து இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். விட்ட நீரை அது திரும்ப வாங்கி ஜிப்சம் ஊசிகளாகப் பின்னிக்கொள்வதால்தான் இறுகுகிறது, தொட்டால் சுடுவதும் அதனால்தான். லவாய்சியே இதை 1765 இலேயே எழுதிவிட்டார். பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அவர் படித்த முதல் கட்டுரையே ஜிப்சம் பற்றியது. சூடாக்கினால் நீர் வருகிறது, சாந்து இறுகும்போது அந்த நீரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது என்று தராசு வைத்துக் காட்டினார். வயது 21. நீலக்கல் செய்த சோதனைக்குப் பாட்டன் முறை.

படிகநீரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் 0.05 மோலார் ஆக்சாலிக் அமிலம் ஒரு லிட்டர் தயாரிக்கச் சொன்னார்கள். மோலார் நிறை 90 என்று மனப்பாடம், 4.50 கிராம் நிறுத்துக் கரைத்துவிட்டேன். புட்டியில் இருந்தது இரண்டு நீர் உள்ள உருவம், அதற்கு 126. எடுத்திருக்கவேண்டியது 6.30 கிராம். அதைத் திட்டக் கரைசலாக (செறிவு சரியாகத் தெரிந்த கரைசல்) வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சோடியம் ஹைட்ராக்சைடைத் தரம்பார்த்தேன். ப்யூரெட் மிகக் கச்சிதமாகத் தப்பான எண்ணைத் தந்தது. மூன்று தடவையும் 0.05 மில்லிலிட்டருக்குள் ஒத்துப்போனது. அந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். மாலையில் பழைய ஆக்சாலிக் கரைசலோடு ஒப்பிட்டபோது என் கரைசலின் செறிவு நூற்றுக்கு 28 க்கு மேல் குறைவு. அந்த எண்ணைப் பார்த்ததும் மூத்தவர் ஒருவர் புட்டியின் லேபிளைத் திருப்பிக் காட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சாலிக் அமிலத்தில் படிகநீர் 28.6 சதவீதம்.

அதிலிருந்து எந்தப் புட்டியை எடுத்தாலும் பெயரைப் படிக்கும் முன் மோலார் நிறையைத்தான் படிப்பேன். சலவைச் சோடாவில் (சோடியம் கார்பனேட்) இது இன்னும் மோசம். புதிய படிகத்தில் பத்து நீர், எடையில் 63 சதவீதம். திறந்துவைத்தால் ஒன்பது நீரைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளையாக மாவு பூக்கும். பாதி பூத்த சோடாவை எந்த மோலார் நிறையால் வகுப்பீர்கள்? எதாலும் வகுக்க முடியாது. அதனால்தான் திட்டக் கரைசலுக்கு நன்றாக வறுத்த நீரற்ற கார்பனேட்டை எடுப்பது.

---

நீலக்கல்:

எல்லோருக்கும் நன்றி. 4.12 கணக்கைப் போட்டுப் பார்த்து ஒரு பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நண்பனிடமும் கேட்டேன். பெரிய படிகங்களைத்தான் போட்டிருக்கிறான், மூடியும் போடவில்லை.

திங்கட்கிழமை மறுபடி செய்ய அனுமதி கிடைத்திருக்கிறது. வேறு எதைக் கவனிக்கவேண்டும்? இன்னொரு சந்தேகம். சலவைச் சோடாவைச் சோதனைக்குழாயில் சூடாக்கியபோது முதலில் உருகியது, பிறகு கொதித்தது, பிறகு மறுபடி கட்டியானது. கார்பனேட் உருக 850 டிகிரி வேண்டும் என்று படித்திருக்கிறேன். சாதாரணச் சுடரில் எப்படி உருகியது?

---

மூசைக்காரன்:

உருகியது கார்பனேட் இல்லை தம்பி. தன் நீரிலேயே தான் கரைந்தது. 34 டிகிரியை ஒட்டிப் படிகம் குலைந்துபோகும். எடையில் நூற்றுக்கு 63 பங்கு நீர் சட்டென்று விடுதலை ஆனால் உப்பு அதில் கரையாமல் என்ன செய்யும்? நீ பார்த்த கொதிப்பு அந்த நீர் ஆவியாவது, கட்டியானது மிஞ்சிய உப்பு. புகைப்படக்காரர்களின் ஹைப்போவும் (சோடியம் தயோசல்பேட்) அப்படித்தான், 48 டிகிரியில் தன் நீரில் கரையும். அதைத் தூசி படாமல் ஆறவைத்தால் திரவமாகவே கிடக்கும். ஒரே ஒரு குருணை ஹைப்போவைப் போடு, கண்ணெதிரே குழாய் முழுக்க உறைந்து சூடாகும். செய்து பார், ஆபத்தில்லை.

இந்தச் சூட்டைச் சேமித்துவைத்து வீட்டையே கதகதப்பாக்கப் பார்த்திருக்கிறார்கள். மரியா டெல்கெஸ் என்ற அம்மையார், 1948 இல், அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில் கட்டிய வீட்டில். அதற்கு எடுத்தது கிளாபர் உப்பு, அதாவது பத்து நீர் உள்ள சோடியம் சல்பேட். பகலில் வெயிலில் 32 டிகிரியில் உருகும், இரவில் உறைந்து சூட்டைத் திருப்பித் தரும். சில குளிர்காலம் ஓடியது. பிறகு உப்பு மக்கர் செய்தது. அந்த உப்பு தன் நீரில் முழுதாகக் கரையாது. கரையாத நீரற்ற சல்பேட் அடியில் வண்டலாகத் தங்கிவிடும், மேலே நிற்கும் நீர் அதைத் தேடிப்போய்ச் சேராது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உப்பு ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டே வரும்.

திங்கட்கிழமை வேலைக்கு வா. உப்பை நைசாகப் பொடித்துக்கொள், 2 முதல் 3 கிராம் போதும். காலி மூசையை முதலில் சூடாக்கி ஆறவைத்து எடைபோடு, மூசைக்கும் ஈரம் உண்டு. தொடக்கத்தில் சின்னச் சுடர், மூடியைச் சற்றுத் திறந்து வை. நீலம் போனதும் நிறுத்தாதே. 250 முதல் 300 வரை கட்டுப்படுத்தக்கூடிய அடுப்பு இருந்தால் அதில் ஒரு மணி நேரம் வை, அந்தச் சூட்டில் சல்பேட் உடையாது. பர்னர்தான் என்றால் மூசையின் அடி சிவக்க விடாதே. ஆறவிடுவது டெசிகேட்டருக்குள் (ஈரம் புகாத உலர்த்து பாத்திரம்), மூடி போட்டு. மேசைமேல் ஆறவிட்டால் விரட்டிய நீர் பின்கதவு வழியாக வந்துவிடும். சூடான மூசையைத் தராசில் வைக்காதே, காற்று மேலே கிளம்பி எடையைக் குறைத்துக் காட்டும். பிறகு மறுபடி சூடாக்கு, மறுபடி எடைபோடு. இரண்டு எடை ஒன்றாகும் வரை. உன் செய்முறைத்தாளில் இந்த வரி இருந்திருந்தால் நீ இங்கே வந்தே இருக்கமாட்டாய்.

முடிந்தால் ஒன்று செய். நேரே 250 க்குப் போகாமல் முதலில் 130 இல் நிறுத்தி ஒரு எடை எடு.

---

நீலக்கல்:

செய்துவிட்டேன். அடுப்பு கிடைத்தது. உப்பு 2.604 கிராம்.

130 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தபின் இழப்பு 0.754. அரை மணி கழித்து மறுபடி போட்டேன், அதே 0.754. உங்கள் முறையில் கணக்குப் போட்டால் 4.01. அந்தப் படியை நேரில் பார்த்ததுபோல் இருந்தது. பொடி வெள்ளைத்தாள்மேல் லேசான நீலப்பச்சையாகத் தெரிந்தது. தாள் இல்லாமல் பார்த்திருந்தால் வெள்ளை என்றே சொல்லியிருப்பேன்.

பிறகு 260. முதல் எடையில் இழப்பு 0.931, அடுத்து 0.933, அதற்கடுத்தும் 0.933. 35.8 சதவீதம். இப்போது எந்த முறையில் போட்டாலும் 5 ஐத் தொடுகிறது. மிஞ்சியதை வைத்துப் போட்டால் 4.95, எடுத்ததை வைத்துப் போட்டால் 4.97.

நோட்டில் பழைய 36 ஐ அடித்துவிட்டு இரண்டு தடவை எண்களையும் எழுதினேன். ஆசிரியர் 4.01 என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றார். "இது எதற்கு?" என்று கேட்டார், சொன்னேன். அடுத்த குழுவுக்கும் 130 இல் ஒரு எடை எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் ஒரு கோமாளித்தனம். எல்லாம் முடிந்தபின் மூடியை எடுத்துவிட்டு மூசையைத் தராசிலேயே விட்டுவிட்டேன். கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. தராசு கெட்டுவிட்டது என்று பயந்துபோய் ஆளைக் கூப்பிட்டேன். அதற்குள் 6 மில்லிகிராம் ஏறியிருந்தது.

---

மூசைக்காரன்:

தராசுக்கு ஒன்றும் இல்லை, போன நீர் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆளைக் கூப்பிடுவதற்குப் பதில் நேரத்தைக் குறித்திருக்கலாம். அடுத்த தடவை நிமிடத்துக்கு ஒரு எடை எழுது, நாள் முழுக்க.